கருப்புக்கு வாசித்த நோட்டீஸ்

போன வாரம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் என் இடத்துக்கு வந்த பெண் அவள்.

"அக்கா, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல வாய்க்கா மேல கல்பாலம் போட்டு ஒரு கருப்பசாமி நிக்குதுல்ல. அதுக்கு நோட்டீஸ் குடுக்கணும்னு சொல்றாங்க. யாரு பேருக்குக் குடுக்கணும்?"

எதற்கு நோட்டீஸ் என்று கேட்டேன். ஊரில் உள்ள குளம், ஓடை, வாய்க்கால் எல்லாவற்றையும் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்திருக்கிறார்களாம். அதை வைத்துப் புதிய திட்டம் தயாராகிறது. வாய்க்காலுக்கு மேல் எது இருந்தாலும் படத்தில் சிவப்புக் கட்டம் போட்டிருக்கிறார்கள். சிவப்புக் கட்டம் விழுந்ததெல்லாம் அகற்றப்பட வேண்டும். கருப்புக்கும் சிவப்புக் கட்டம் விழுந்துவிட்டது.

"அக்கா, லைன்ல இருக்கீகளா?"

இருந்தேன். பேச்சுத்தான் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். சொல்ல வேண்டியது நிறைய இருக்கும்போது வாய் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவர் இதே பேரூராட்சியில் குடிநீர்க் குழாய் வேலை பார்த்தவர். அவர் இறந்த பின் வாரிசு அடிப்படையில் எனக்கு அலுவலக உதவியாளர் வேலை கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன். ஃபைல் எடுத்துக் கொடுப்பது, கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, தபால் கொண்டுபோவது என்று சில வருடங்கள் ஓடின. பிறகு நோட்டீஸ் சார்வு செய்யும் வேலையும் என்னிடம் வந்தது. சார்வு என்றால் உரியவர் கையில் நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவது.

கூச்சப்படும் ஆளுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. ஓடையில் எச்சில் இலை கொட்டிய ஓட்டல்காரருக்குத்தான் முதல் நோட்டீஸ். வாசலில் நின்று கூப்பிடுகிறேன், எனக்கே கேட்கவில்லை. சாப்பிட வந்தவள் என்று நினைத்து சப்ளையர் இலையைப் போட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்லவும் குரல் வரவில்லை. உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டு, பில்லோடு சேர்த்து நோட்டீஸைக் கல்லாவில் நீட்டினேன். ஓட்டல்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "இட்லி நல்லா இருக்குன்னு ஆபீஸ்ல சொல்லும்மா" என்றார்.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. உரியவர் வாங்க மறுத்தால் வீட்டில் இருக்கும் பெரியவர் யாரிடமாவது கொடுக்கலாம். அவர்களும் மறுத்தால், பிரச்சினைக்குரிய கட்டடத்திலேயே கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். ஒட்டுவதற்கு மைதாப் பசைதான். அதில் துளி மயில்துத்தம் கலந்து காய்ச்ச வேண்டும். இல்லையென்றால் காலையில் ஆடு வந்து அரசாங்க உத்தரவைத் தின்றுவிட்டுப் போய்விடும்.

இப்படி இருந்தபோதுதான் சென்னியப்பன் சார் செயல் அலுவலராக வந்தார். ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக்காரர். தூய்மைப் பணியாளரிலிருந்து தலைவர் வரை எல்லோருக்கும் ஒரே மாதிரி 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் இரண்டு 'ங்க' கூடும், அவ்வளவுதான். நாற்காலியில் அவரைப் பார்ப்பது அரிது. மஞ்சள் பை ஒன்றில் ஊர் வரைபடத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார்.

அவர் வந்த வருடம் மழை ஏமாற்றியது. எங்கள் ஊருக்குத் தண்ணீர் தரும் போர்வெல்கள் எல்லாம் ஆவாரங்குளத்தை ஒட்டி இருக்கின்றன. மலையடிவாரத்து ஓடைத் தண்ணீர் வரத்து வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு வந்தால்தான் போரில் ஊற்று ஏறும். அந்த வருடம் குளம் காய்ந்து கிடந்தது. தெருவுக்குத் தெரு பிளாஸ்டிக் குடங்களோடு பெண்கள் லாரிக்குக் காத்திருந்தார்கள். வேலைக்கு வருமுன் நானும் அந்த வரிசையில்தான் நிற்பேன்.

குளத்தைச் சீரமைக்கப் பணம் வந்திருந்தது. மன்றக் கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கரையில் நடைபாதை போடலாம் என்றார் ஒருவர். சுற்றி லைட் போட்டால் செம்பட்டி ரோட்டிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்றார் இன்னொருவர். சார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"லைட்டுப் போட்டா குளம் தெரியுமுங்க. தண்ணி வருமுங்களா?" என்று கேட்டார்.

பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப ஒண்ணு செய்யலாமுங்க. தீர்மானம் நாளைக்குப் போட்டுக்கலாம். காலைல எல்லாரும் ஓடையில இருந்து குளம் வரைக்கும் வாய்க்காலுக்குள்ளயே நடந்து வாங்க. தண்ணி வர்ற வழியில நடக்காம தண்ணியப் பத்தித் தீர்மானம் போட்டா நல்லா இருக்காதுங்க."

மறுநாள் கவுன்சிலர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். நான் தண்ணீர் கேனோடு பின்னால் போனேன். வழியெல்லாம் சீமைக்கருவேலம். ஒரு இடத்தில் கோழிக் கழிவு மலைபோல் கிடந்தது. முள் ஏறிய செருப்பைக் கழற்றிப் பிடுங்கிக்கொண்டே, "ஏப்பா, ஓட்டுக் கேட்டு வந்தப்பக்கூட இம்புட்டு நடக்கலையே" என்றார் ஒரு கவுன்சிலர். "அதான் அடுத்த தடவ ஓட்டு விழாது" என்றார் பக்கத்தில் வந்த அம்மா, அவரும் கவுன்சிலர்தான். முள்ளையும் குப்பையையும் அள்ளிவிடலாம். அதில் யாருக்கும் சண்டை இல்லை.

பஸ் ஸ்டாப் பக்கம் வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் வாய்க்காலே இல்லை. அங்கே கருப்பு நின்றுகொண்டிருந்தார்.

அந்த இடத்தில் சின்னக்காளை என்பவர் பஞ்சர் கடை வைத்திருந்தார். கடை அவருடைய பட்டா இடத்தில்தான் இருந்தது. கடைக்கு முன்னால் லாரி வந்து நிற்க இடம் வேண்டுமே. அதற்காகக் குறுக்கே போன வாய்க்காலை இடிபாடு கொட்டி மூடி, சிமெண்ட் பூசிவிட்டார். பேரூராட்சியிலிருந்து ஆள் வந்து கேட்ட சமயத்தில்தான் சிமெண்டுக்கு நடுவே ஒரு பீடம் எழும்பியது. பீடத்தில் கண் வரைந்த ஒரு கல், ஒரு அரிவாள், பட்டுத்துணி. கனவில் வந்து சொன்னதாகச் சின்னக்காளை சொன்னார். யாரும் நம்பவில்லை. ஆனால் கும்பிடாமலும் யாரும் போகவில்லை. நானும்தான்.

எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் ஒரு வழக்கு நடந்து தோற்றுப்போயிருந்தது. நோட்டீஸ் முறைப்படி சார்வு ஆகவில்லை என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். பிறகு ஒரு தடவை ஜே.சி.பி. வந்து பீடத்தின் மூலையைத் தட்டியபோது வண்டியின் ஆயில் ஹோஸ் அங்கேயே வெடித்தது. ஹோஸ் பழையது என்பது டிரைவருக்கே தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த டிரைவரும் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. மண்வெட்டி பிடிக்கவும் ஆள் கிடைக்கவில்லை.

இந்த முறை எல்லாம் சரியாக நடக்க வேண்டும் என்றார் சார். வாய்க்காலை மூடியதற்காகக் கடைக்கு ஒன்று, பீடத்துக்கு ஒன்று என்று இரண்டு நோட்டீஸ் தயார் செய்து என்னிடம் தந்தார்.

நான் போனபோது சின்னக்காளை டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கான நோட்டீஸை நீட்டினேன்.

"குடு தாயி, வாங்கிக்கிறேன்" என்று கையைத் துடைத்துக் கையெழுத்தும் போட்டார். கடை பட்டா இடம் என்பதால் அவருக்குப் பயமில்லை. இரண்டாவதை நீட்டினேன்.

"இது யாருக்கு?"

"பீடத்துக்கு."

"அப்ப எங்கிட்ட எதுக்கு நீட்டுற? எடம் கருப்பனோடது. நான் வெளக்குப் போடுறவன். அவங்கிட்டயே குடு."

ஓரமாக உட்கார்ந்து மாவு ஆட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி பேச்சியம்மாளிடம் நீட்டினேன். அவர் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "சாமி சமாச்சாரத்துல என்னய இழுக்காத தாயி" என்றார்.

இரண்டு பேரும் மறுத்தாயிற்று. முறைப்படி அடுத்தது ஒட்டுவதுதான். பசை டப்பா கையில் இருந்தது. பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். கருப்பு முழித்துப் பார்த்தபடி இருந்தார். காலையில் யாரோ வைத்த எலுமிச்சம்பழம் காலடியில் இருந்தது. சாமி பீடத்தில் மைதாப் பசை தடவ என் கை போகவில்லை.

"ஒட்டு தாயி, ஒட்டு. ஹோஸ் வெடிச்ச எடம் அந்தா அதுதான்" என்றார் பின்னாலிருந்து சின்னக்காளை.

திரும்பிவிட்டேன். அலுவலகத்தில் சாரிடம் போய், "என்னால முடியல சார். வேற யாரையாச்சும் அனுப்புங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"ஏனுங்க, சாமி மேல ஒட்ட வேண்டாமுங்க. பக்கத்துல குச்சி நட்டு, அட்டையில ஒட்டி வைக்கலாம். ஆனா ஆரோ குச்சியப் புடுங்கிப் போட்டுட்டா பழைய கேஸ் மாதிரித்தான் ஆகுமுங்க. அதனால ஒண்ணு பண்ணுங்க. நட்டுப்போட்டு, நாலு பேரு காதுல விழற மாதிரி வாசிச்சுப்போடுங்க. ஊரே கேட்டதைக் கேக்கலைன்னு ஆருஞ் சொல்ல முடியாதுங்க."

"வாசிக்கவா? நானா?"

"நீங்கதானுங்க சார்வு பண்ற ஆளு. ஒட்டறீங்களா, வாசிக்கறீங்களா?"

அன்று முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தேன். ஒரு பக்கம் சாமி பயம். மறு பக்கம் பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்கிற பயம். மறுநாள் காலை லாரி வரவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கர்ப்பிணிப் பெண் காலியான குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. அவளும் என்னைப் போலப் பேசாத ஆள் என்பதுதான் மனதில் தைத்தது. வாசித்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

தலைக்குக் குளித்துவிட்டு, தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் சந்தை பஸ்ஸுக்கும் கூட்டம் நின்ற நேரம். பீடத்துக்குப் பக்கத்தில் குச்சியை நட்டு அட்டையைக் கட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கருப்பைப் பார்த்துக் கும்பிட்டு, காகிதத்தைப் பிரித்தேன்.

முதல் வரி எனக்குள்ளேயே நின்றுவிட்டது. "என்னக்கா, சாமிக்கு லெட்டரா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.

சர்வே எண், வாய்க்காலின் பெயர், எவ்வளவு அகலம் மூடப்பட்டிருக்கிறது, எந்தச் சட்டத்தின் கீழ் அகற்ற வேண்டும், குறித்த நாட்களுக்குள் ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் வாசித்தேன். பாதியில் குரல் கம்மியபோது சத்தத்தைக் கூட்டினேன். என் குரல் எதிரே உள்ள மருந்துக் கடைச் சுவரில் மோதித் திரும்பி வருவதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். பஸ் வந்தது, ஒருவரும் ஏறவில்லை. கண்டக்டரும் இறங்கி நின்று கேட்டார்.

முடித்ததும் சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன். மருந்துக் கடைக்காரர் போட்டார். இன்னொருவர் யார் என்று பார்த்தால் கண்டக்டர். "எந்த ஊரா இருந்தா என்னம்மா, நானும் கேட்டேன்ல" என்றார்.

சின்னக்காளை முகத்தில் சிரிப்பு இல்லை. "வாசிச்சா ஆச்சா? சாமி என்ன சொல்லுச்சு?" என்றார்.

அதுவரை மாவாட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் எழுந்து வந்தார். "அதான் நானும் கேக்கேன். ஆட்சேபம் இருந்தா சொல்லலாம்னு அந்தப் பிள்ள வாசிச்சுச்சுல்ல. சாமிகிட்டதான கேக்கணும்? பூக் கேட்டுருவோம்."

"நீ சும்மா இரு."

"நீதான வெளக்குப் போடுறவன்? பூப் போட்டுக் கேக்குறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

கூட்டம் சிரித்தது. சின்னக்காளையால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கருப்பு கனவில் வந்து பேசினார் என்று ஊரெல்லாம் சொன்னவர், இப்போது கருப்பிடம் கேட்க வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

விஷயத்தைச் சாரிடம் சொன்னேன். பூக்கேட்டு அரசாங்க வேலை செய்வதா என்று அலுவலகத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். சார் வரைபடத்தைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

"பூ என்ன சொன்னாலும் நோட்டீஸ் நோட்டீஸ்தானுங்க. அதுல மாத்தமில்லை. ஆனா நம்மகிட்ட உத்தரவு இருக்குது, மண்வெட்டி பிடிக்க ஆளில்லைங்களே. சாமி சரின்னு சொன்னா ஆள் வருமுங்க. போலாம்."

ஒரு வெள்ளிக்கிழமை காலை கூடினோம். வெள்ளைப் பூ ஒரு இலையிலும் சிவப்புப் பூ ஒரு இலையிலும் வைத்து, வெளியே தெரியாமல் ஒரே மாதிரி மடித்துக் கருப்பின் காலடியில் வைத்தார்கள். ஒரு சின்னப் பெண்குழந்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. சின்னக்காளை குளித்துத் திருநீறு பூசி வந்திருந்தார்.

"அப்பனே, இந்த எடத்த விட்டுப் போக உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

குழந்தை எடுத்த இலையைப் பிரித்தார்கள். சிவப்பு அரளி.

சின்னக்காளை கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கூலிக்கு வரலாம் என்று வந்திருந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்கள். சார் தரையைப் பார்த்தபடி நின்றார். வெளியூர்க்காரர், அந்த இடத்தில் அவர் பேச முடியாது. தலைவர் பேசமாட்டார், அவருக்கு ஓட்டு வேண்டும். எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஏற்கெனவே ஒரு தடவை வாயைத் திறந்தாகிவிட்டது என்பதால்தான் எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

"இன்னும் ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"என்னாத்த?" என்றார் சின்னக்காளை.

"சாமி போகமாட்டேன்னு சொல்லிருச்சு. போக வேணாம், நிக்கட்டும். தண்ணிக்கு வழி விடுவீகளான்னு கேளுங்க. அத நம்ம கேக்கவே இல்ல."

பேச்சியம்மாள்தான் இலைகளை மறுபடி மடித்து வைத்தார். கேள்வியையும் அவரே கேட்டார். "ஏப்பா கருப்பா, ஊரு தொண்ட காஞ்சு கெடக்கு. நீ நின்னுக்க. தண்ணிக்கு வழி விடுவியா?"

குழந்தை எடுத்துக் கொடுத்தது. வெள்ளை நந்தியாவட்டை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பீடம் இருந்த இடத்தில் வாய்க்காலைப் பழைய ஆழத்துக்குத் தோண்டுவது, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி மேலே கருங்கல் பலகை போடுவது, பலகையின் மேல் கருப்பை நிறுத்துவது என்று மன்றத்தில் தீர்மானம் ஆயிற்று. கருங்கல்லுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. வேலை முடியும் வரை கருப்பை நெல் நிரப்பிய அண்டாவில் நிறுத்திப் பஞ்சர் கடைக்குள் வைத்திருந்தார்கள். கடையும் அதே இடம்தானே என்று பேச்சியம்மாள் சொல்லிவிட்டார். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் டயர்களுக்கு நடுவே சாமி கும்பிட்டுப் போனார்கள்.

இதில் சின்னக்காளைக்கு நஷ்டம்தான். லாரி நிறுத்தும் இடம் பாதி போய்விட்டது. கொஞ்ச நாள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஓடையில் தண்ணீர் வந்த செய்தி கேட்டு எல்லோரும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினோம். கலங்கல் தண்ணீர் குப்பையைத் தள்ளிக்கொண்டு வந்து, கருப்பின் காலுக்குக் கீழே முட்டி நின்றது. ஒரு பழைய சாக்கும் பிளாஸ்டிக் பைகளும் பாலத்தின் வாயை அடைத்துக்கொண்டன. எங்கள் ஆட்கள் கம்பி எடுக்க ஓடினார்கள். அதற்குள் கடையிலிருந்து ஒருவர் கடப்பாரையோடு இறங்கிவிட்டார். சின்னக்காளைதான். இடுப்பளவு தண்ணீரில் நின்று சாக்கைக் குத்தி இழுத்தார்.

"எவன்டா குப்பையக் கொட்டுனது?" என்று மேலே நின்றவர்களைப் பார்த்துக் கத்தினார். "சாமி காலடியில வந்து நிக்கிது பாரு."

சாக்கு வந்தது. தண்ணீர் பாலத்துக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறிக் குளத்தைப் பார்த்து ஓடியது. சார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரோடு கூடவே கரையில் நடந்து போனார். குளம் வரைக்கும் நடந்தே போனாராம்.

இது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. சார் மாற்றலாகிப் போய் ஓய்வும் பெற்றுவிட்டார். ஒவ்வொரு வருடமும் புரட்டாசி பிறந்ததும் யாரும் சொல்லாமலே சின்னக்காளை அந்தப் பாலத்துக்கு அடியில் மண்ணை வாருகிறார். பாலத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வாய்க்காலைப் பேரூராட்சி பார்க்கிறது. எது சுத்தமாக இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டாம், போய்ப் பார்த்தால் தெரியும்.

ட்ரோன் படம் பொய் சொல்லவில்லை. வாய்க்காலுக்கு மேல் ஒரு கல் இருக்கிறது, அது உண்மை. ஆனால் கல்லுக்குக் கீழே தண்ணீர் போவது மேலிருந்து பார்த்தால் தெரியாது. பெருமழைக்கு அந்த அகலம் போதாது என்று பொறியாளர் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். அகலப்படுத்துங்கள், பலகையை உயர்த்துங்கள். ஆனால் சிவப்புக் கட்டத்தை வைத்துக்கொண்டு உடைத்துப்போட்டால், அந்த இடத்தைக் காவல் காக்கிற ஆளையும் சேர்த்து இழப்பீர்கள். பிறகு அடைத்துக்கொள்ளும் சாக்கை எடுக்க வருடா வருடம் டெண்டர்தான் விட வேண்டும்.

அடுத்த வாரம் பகுதி சபைக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். புதிய திட்டம் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாமாம். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தக் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறேன், ஒரு நாளும் அதில் உட்கார்ந்து பேசியதில்லை. இந்தத் தடவை உட்காரப் போகிறேன். ரேவதியிடம் என் பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதியிருப்பதைத்தான் அங்கே வாசிக்கப் போகிறேன்.

நேற்றுச் சின்னக்காளையிடம் போய்ச் சொன்னேன். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது அவருக்கு. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே கேட்டுக்கொண்டார்.

"அன்னைக்குச் சாமிக்கு வாசிச்சீக தாயி. அது கேட்டுக்கிருச்சு" என்றார். "இப்ப ஆபீசுக்கு வாசிக்கப் போறீக. கொஞ்சம் சத்தமாவே வாசிங்க."